படிக்கக் கடன், படிக்காமல் கையெழுத்து!

எங்கள் குடும்பத்தில் இதுவரை கோர்ட் படி ஏறியவர்கள் மூன்று பேர். வரப்புத் தகராறில் தாத்தா. ராத்திரியில் விளக்கில்லாத சைக்கிளில் போய் மாட்டிக்கொண்டு, ஃபைன் கட்டப் போன சித்தப்பா. அத்தான் சாலை விபத்தில் இறந்த பிறகு நஷ்டஈட்டு கேஸுக்காக அலைந்த அக்கா. மூவரும் ஏறிய காரணம் வேறு வேறு. இறங்கும்போது சொன்னது மட்டும் ஒன்றுதான்: “நம்ம வீட்ல ஒரு வக்கீல் இருந்திருக்கணும்!”

அந்தக் குறையைத் தீர்க்க அக்கா பையன் முன்வந்தான். ப்ளஸ் ஒன் படிக்கும்போதே சொல்லிவிட்டான்.

“மாமா, நான் லா படிக்கப் போறேன்.”

ஒரு பையன் இன்ஜினீயரிங் வேண்டாம் என்று சொன்னால் நம் ஊரில் முதலில் நெற்றியில் கை வைத்துப் பார்ப்போம். நானும் பார்த்தேன். ஜுரம் இல்லை.

“ஏண்டா?”

“கும்பகோணம் வக்கீல் சார் மாதிரி ஆகணும்.”

அந்த வக்கீலைப் பற்றி இரண்டு வார்த்தை. அத்தான் போனபோது பையனுக்கு எட்டு வயது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேஸ் நான்கு வருஷம் நடந்தது. வாய்தாவுக்கு வாய்தா அக்கா அவனையும் கூட்டிக்கொண்டு போவாள். வக்கீல் அவனுக்கு கோர்ட் கேன்டீனில் பன்னும் டீயும் வாங்கிக் கொடுப்பார். ஃபீஸ் எவ்வளவு என்று அக்கா கேட்டபோது, “பணம் வந்தப்புறம் பார்த்துக்கலாம்மா” என்றார். வந்த பிறகும் பார்க்கவில்லை. வற்புறுத்திக் கொடுத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா பங்கு அக்காவுக்கு வந்தது. மைனரின் பங்கை வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டு, மேஜரான பிறகுதான் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. அந்த ரசீது அக்காவின் பீரோவில், பட்டுப்புடவைக்குக் கீழே இருக்கிறது. கதையில் அது பிறகு வரும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

வக்கீலாக நம் ஊரில் இரண்டு வாசல் உண்டு.

ஒன்று, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் அரசு சட்டக் கல்லூரிகள். ப்ளஸ் டூ முடித்தால் ஐந்து வருஷப் படிப்பு. டிகிரி முடித்தவர்களுக்கு மூன்று வருஷப் படிப்பு. நுழைவுத்தேர்வு கிடையாது. மார்க்கை வைத்து இடம். கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். (அதே பல்கலைக்கழகம் சென்னையில் தானே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியில் கட்டணம் அதிகம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

இன்னொன்று, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள். பெங்களூரில் 1980-களின் கடைசியில் ஆரம்பித்த வைத்த பிள்ளையார்சுழி, இன்று மாநிலத்துக்கு மாநிலம் இருக்கிறது. நம் திருச்சியில்கூட ஒன்று உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2008-லிருந்து ‘கிளாட்’ என்று ஒரு பொது நுழைவுத்தேர்வு. 120 கேள்வி, இரண்டு மணி நேரம். தப்பாக எழுதினால் கால் மார்க் பறிபோகும். ஆங்கிலத்தில் மட்டும்தான் தேர்வு. விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 3,500.

பையன் ஒன்றரை வருஷம் ராத்திரி பகலாக உட்கார்ந்து படித்தான். 2024 டிசம்பர் 1-ம் தேதி தேர்வு எழுதினான். அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. விடைக்குறிப்பு தப்பு என்று சில மாணவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். டெல்லி உயர்நீதிமன்றம், அப்பீல், உச்ச நீதிமன்றம் என்று ஏறி, 2025 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் சில கேள்விகளுக்குத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் திருத்திய ரிசல்ட் வந்தது. வக்கீலாகப் போகிறவர்களின் பரீட்சைக்கே ஐந்து மாதம் வாய்தா!

“இதுவும் சிலபஸ்லயே வருதாடா?” என்று கேட்டேன்.

“இது ப்ராக்டிகல் மாமா” என்றான்.

ரிசல்ட் வந்தது. வடக்கே ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இடம். நான் ஆபீஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். ஒரு கிலோ வாங்கியது போதாமல் இன்னொரு கிலோ.

மைசூர்பாகு வாயில் இருக்கும்போதே எங்கள் செக்‌ஷனில் இரண்டு பேருக்குச் சட்ட ஆசை வந்துவிட்டது. “சார், வேலையை விடாம, தபால்ல வக்கீல் ஆகலாமா?” என்றார் டெஸ்பாட்ச் தம்பி. ஆக முடியாது, தம்பி. தபாலில் வாங்கிய சட்டப் பட்டத்தை வைத்துக்கொண்டு வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. ரெகுலராக வகுப்புக்குப் போக வேண்டும். படிக்கும்போது வேறு வேலை பார்க்கிறீர்களா என்று மாணவர்களிடம் எழுதி வாங்கச் சொல்லி, 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது. டெஸ்பாட்ச் தம்பி இரண்டாவது மைசூர்பாகு எடுத்துக்கொண்டு சீட்டுக்குப் போய்விட்டார்.

*

மைசூர்பாகு தீர்ந்ததும் கட்டண விவரம் வந்தது.

டியூஷன் கட்டணம், ஹாஸ்டல், மெஸ், நூலகம், திருப்பித் தரும் டெபாசிட், திருப்பித் தராத டெபாசிட். ஊருக்குப் போய்வர ரயில் சார்ஜையும் சேர்த்து ஐந்து வருஷத்துக்கு நான் கூட்டிப் பார்த்தேன். 14 லட்சம். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் மறுபடி கூட்டினேன். அப்போதும் 14 லட்சம்.

அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்து சம்பாதிப்பது, விதவைப் பென்ஷன், நான் அனுப்புவது எல்லாம் சேர்த்து அந்தக் குடும்பத்தின் வருஷ வருமானம் இரண்டு லட்சத்தைத் தொடாது.

“ஸ்காலர்ஷிப் குடுக்க மாட்டாங்களா?” என்றாள் என் மனைவி. கொடுப்பார்கள். ஆனால் அதில் ஒரு சூட்சுமம். பல இடங்களில் முதலில் சேர வேண்டும், முதல் தவணை கட்ட வேண்டும், பிறகுதான் கஷ்டப்படும் மாணவர்களுக்கான உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ‘முதலில் கட்டு, பிறகு கஷ்டத்தைச் சொல்லு’ என்பது விதி. கட்ட முடியவில்லை என்பதுதானே கஷ்டம்!

ஆக, வங்கி.

அக்கா ஊரில் இருக்கும் ஒரு வங்கிக் கிளைக்கு நானும் பையனும் போனோம். மேனேஜர் நல்ல மனிதர். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு அட்மிஷன் கடிதத்தைப் பார்த்தார்.

“இன்ஜினீயரிங்கா?”

“லா சார்.”

“லாவா?” என்று சந்தேகமாகப் பார்த்தார், கடனைத் திருப்பிக் கேட்டால் கேஸ் போடுவானோ என்பதுபோல. “எவ்வளவு வேணும்?”

“10 லட்சம் சார்.”

“ஏழரை லட்சத்துக்கு மேல போனா சொத்து ஜாமீன் வேணுமே. வீடு இருக்கா?”

இருக்கிறது. அத்தானின் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. பத்திரம் இன்னும் அந்தத் தாத்தா பெயரில். அவருக்கு வாரிசு எட்டு பேர். எட்டுக்கும் கிளைகள் உண்டு. பாகப்பிரிவினை ஆகவில்லை. பையன் வக்கீலாகித்தான் அதைப் பிரிக்க வேண்டும். வக்கீலாகக் கடன் வேண்டும். கடனுக்கு வீட்டைப் பிரிக்க வேண்டும்.

“அப்ப நீங்க கேரண்டி போடுங்க சார். மூணு மாச சம்பளச் சீட்டு கொண்டு வாங்க” என்றார் என்னிடம். ஊருக்கெல்லாம் ஜாமீன் வாங்கிக் கொடுக்கப் போகிறவனுக்கு முதல் ஜாமீன் நான்! ஏற்கெனவே வீட்டுக் கடன், இரு சக்கர வாகனக் கடன், மச்சினன் பிடித்த சீட்டுக்குக் கையெழுத்து. என் சம்பளச் சீட்டைப் பார்த்தால் மேனேஜர் எனக்கே ஏதாவது உதவித்தொகை இருக்கிறதா என்று தேடுவார்.

*

ஆபீஸில் என் பக்கத்து சீட் நண்பரிடம் புலம்பினேன். அவர் பெண் இதே மாதிரி ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தில் கடன் வாங்கிப் படித்து, இப்போது மும்பையில் ஒரு பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனத்தில் இருக்கிறாள். நாலு வருஷத்தில் கடனை அடைத்துவிட்டாள்.

“அந்த மேனேஜர் புது சர்க்குலரைப் படிக்கலைய்யா” என்றார் நண்பர். பேப்பரும் பேனாவும் எடுத்து எழுதியே கொடுத்தார். உங்களுக்கும் பயன்படும் என்பதால் அப்படியே தருகிறேன்.

மத்திய அரசு 2024 நவம்பரில் ‘பி.எம். வித்யாலட்சுமி’ என்று ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தேசிய தரவரிசையை வைத்துச் சில நூறு கல்வி நிறுவனங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நம் கல்லூரி அந்தப் பட்டியலில் இருந்தால் சொத்து ஜாமீன் வேண்டாம், ஆள் ஜாமீனும் வேண்டாம். விண்ணப்பம் ஆன்லைனில். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரை கடனுக்குப் படிக்கிற காலத்து வட்டியில் 3 சதவீதம் மானியம். வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பாகவும் இருந்தால், அந்தக் காலத்து வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்க வேண்டும். நடுவில் படிப்பை விட்டுவிட்டால் மானியம் போச்சு.

எஸ்.சி. மாணவர்கள் என்றால், பட்டியலில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்து, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசின் ‘டாப் கிளாஸ்’ உதவித்தொகை தனியாக உண்டு. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களும் அந்தப் பட்டியலில் வருகின்றன. முதலில் அதைப் பார்க்க வேண்டும், கடனைப் பிறகு பார்க்கலாம்.

“இன்னொண்ணு. அடுத்த தடவை யாராவது ஏழைப் பையன் கேட்டா ப்ளஸ் ஒன்லயே சொல்லிடு” என்றார் நண்பர். ஷம்நாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர் 2010-ல் ‘ஐடியா’ என்று ஓர் அமைப்பை ஆரம்பித்தார். வசதியில்லாத பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, நுழைவுத்தேர்வுக்குத் தயார் செய்து, இடம் கிடைத்தால் படிப்புச் செலவுக்கும் வழி செய்யும் அமைப்பு. அவர் 2019-ல் இறந்துவிட்டார். அமைப்பு இருக்கிறது. எங்களுக்குத்தான் அந்த ஐடியா லேட்டாக வந்தது.

*

பட்டியலில் கல்லூரி இருந்தது. தாசில்தார் ஆபீஸில் நாலு நடை. ஆன்லைனில் விண்ணப்பம். மேனேஜர் சர்க்குலரைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு, “அட, ஆமா சார்!” என்று சிரித்தார். 10 லட்சம் சாங்ஷன். மீதி 4 லட்சத்துக்கு நீங்கள் ஞாபகம் வைத்திருக்கும் அந்த டெபாசிட். பையனுக்கு 18 முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

கையெழுத்துப் போடும் நாள். அக்கா கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்தாள். மேனேஜர் ஒரு கட்டு காகிதத்தை எடுத்து வைத்தார்.

“பென்சில்ல இன்ட்டு மார்க் போட்டிருக்கேன் தம்பி. அங்கங்க கையெழுத்துப் போட்டுக்கிட்டே வாங்க. அம்மா கோ-அப்ளிகன்ட், அவங்களும் போடணும்.”

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டாள். பையன் முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தான்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. இரண்டாவது பக்கம். பின்னால் நகைக் கடனுக்கு வந்தவர்கள் இருமினார்கள். மேனேஜர் மணி பார்த்தார்.

“தம்பி, இதையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க.”

“படிக்கத்தானே சார் கடன் கேக்கறேன்” என்றான் பையன்.

அந்தப் பக்கம் கேஷியர் சிரித்தது எனக்குக் கேட்டது. மேனேஜரும் சிரித்துவிட்டு மூன்று டீ சொன்னார். பையன் முழுக்கப் படித்தான். பிறகு கேட்டான்.

“சார், படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம். ஆனா வட்டி?”

“அது முதல் நாள்லேர்ந்தே ஓடும் தம்பி.”

“அரசு மானியம் வரலைன்னா?”

“உங்க கணக்குல ஏறும்.”

“வட்டி வீதம் மாறலாம்னு போட்டிருக்கே?”

“மாறும். ஏறலாம், இறங்கலாம்.”

“வேலை கிடைக்கலைன்னா?”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்பவும் கட்டணும் தம்பி. அம்மா கையெழுத்தும் இருக்குல்ல?”

பையன் அக்கா கையிலிருந்த பேனாவை மெதுவாக வாங்கி மூடி வைத்தான். “ஒரு நாள் டைம் குடுங்க சார். வீட்ல கணக்குப் பார்த்துட்டு வர்றோம்.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இரண்டு நாள் லீவு, நாலு நடை தாசில்தார் ஆபீஸ், இரண்டு கிலோ மைசூர்பாகு!

*

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்தோம். கணக்கை நான்தான் போட்டேன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். வருஷத்துக்கு 2 லட்சமாக ஐந்து வருஷத்தில் 10 லட்சம் வாங்குகிறோம். ஆறாவது வருஷ முடிவில் தவணை ஆரம்பம். மானியம் வராவிட்டால் தனிவட்டியே 4 லட்சம் சேர்ந்து 14 லட்சமாக நிற்கும். பத்து வருஷத்தில் அடைக்க மாசம் சுமார் 18,500. பதினைந்து வருஷம் என்றால் 15,000. ஆனால் மொத்தமாகக் கட்டுவது 27 லட்சத்தைத் தாண்டும். மானியம் முழுசாக வந்தால் 10 லட்சம்தான் அசல். பத்து வருஷத்துக்கு மாசம் 13,200 சொச்சம்.

“13,000 ஒண்ணும் பெரிசில்லடா. மும்பைல போய் உட்கார்ந்தா ஒரு வாரச் சம்பளம்” என்றேன்.

“மும்பைக்குப் போகலைன்னா மாமா? வக்கீல் சார்கிட்ட ஜூனியரா சேர்ந்தா மாசம் என்ன கிடைக்கும்?”

அவரையே கேட்டுவிடலாம் என்று போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். வக்கீல் சிரித்தார்.

“ஜூனியருக்கு நகரத்துல 20,000, மத்த இடத்துல 15,000 குடுக்கணும்னு பார் கவுன்சில் ஆஃப் இந்தியா 2024 அக்டோபர்ல சர்க்குலர் போட்டுச்சு தம்பி. பரிந்துரைதான், கட்டாயம் இல்ல. எங்க ஊர்ல சீனியருக்கே சில மாசம் அது வராது. நான் பஸ் காசு குடுப்பேன், மத்தியானம் சாப்பாடு போடுவேன்.”

“அப்ப இந்தக் கடன் வேண்டாம்ங்கறீங்களா சார்?”

“அப்படிச் சொல்ல மாட்டேன். பெரிய காலேஜ். அதோட லைப்ரரி நம்ம கோர்ட்டை விடப் பெரிசா இருக்கும். எங்க காலத்துல இப்படி ஒரு வாய்ப்பு வந்திருந்தா நானே ஓடியிருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா நான் படிச்சப்ப சட்டக் கல்லூரி ஃபீஸ் ஒரு ஜோடி செருப்பு விலை. வெளில வந்தப்ப யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்ல. அதனாலதான் உங்க அக்கா கேஸை ஃபீஸ் பார்க்காம எடுக்க முடிஞ்சுது. மாசம் அஞ்சாம் தேதி தவணை கட்டணும்னா எடுத்திருப்பேனான்னு தெரியல.”

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்கா எழுந்து போய் பீரோவைத் திறந்து அந்த டெபாசிட் ரசீதைக் கொண்டுவந்து பையன் முன்னால் வைத்தாள்.

“இது அப்பா காசு. நாளைக்கே போய் அந்த காலேஜ்ல கட்டினாலும் சரி, இங்கயே இருந்தாலும் சரி. எனக்காகப் பார்க்காத. தையல் மெஷின் ஓடற வரைக்கும் நான் ஓடுவேன்.”

பையன் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எனக்கு மும்பை வேண்டாம்னு இல்ல மாமா. நாளைக்கு எனக்கே போகணும்னு தோணலாம். ஆனா போய்த்தான் ஆகணும்னு இப்பவே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?”

எனக்கு பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. பக்கத்து சீட் நண்பரின் பெண் செய்தது தப்பு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். அவளுக்குக் கம்பெனிச் சட்டம் பிடித்தது. கடன் அவளை அவள் போக நினைத்த ஊருக்கே கூட்டிக்கொண்டு போயிற்று. இவன் போக நினைத்த ஊர் கும்பகோணம். அந்த ரயிலுக்கு இந்த டிக்கெட் செல்லாது போலிருக்கிறது.

நல்லவேளை, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மே மாதமே அரசு சட்டக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டிருந்தான். ப்ளஸ் டூ மார்க்குக்குத் திருச்சியில் இடம் கிடைத்தது. முதல் வருஷக் கட்டணத்தை நான் கட்டினேன். அதற்கு மச்சினன் சீட்டில் என் கையெழுத்து தேவைப்படவில்லை. டெபாசிட் அவன் பெயரிலேயே புதுப்பிக்கப்பட்டு மறுபடி பட்டுப்புடவைக்குக் கீழே போயிற்று. ‘வக்கீலானதும் ஆபீஸ் போடணும்ல’ என்கிறாள் அக்கா.

மேனேஜரிடம் போய் வேண்டாம் என்று சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “என் சர்வீஸ்ல முழுசாப் படிச்சவன் இவன் ஒருத்தன்தான் சார்” என்று என்னிடம் சொன்னார். “நான்கூட அந்த ஒன்பதாம் பக்கத்தை அன்னிக்கு ராத்திரிதான் படிச்சேன்.”

*

அடுத்த வருஷம் சட்டம் படிக்க விண்ணப்பம் போடும் தம்பி தங்கைகளுக்கும், முக்கியமாக அவர்களுடைய மாமாக்களுக்கும் நான் சொல்வது இதுதான்.

இரண்டு வாசலிலும் விண்ணப்பம் போடுங்கள். ஒன்றில் மட்டும் போட்டுவிட்டு மைசூர்பாகு வாங்காதீர்கள். முதலில் உதவித்தொகை, பிறகு வட்டி மானியம், கடைசியில்தான் கடன் என்ற வரிசையில் தேடுங்கள். வருமானச் சான்றிதழை ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வையுங்கள். ‘படிக்கும்போது வட்டி இல்லை’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வட்டி உண்டு, அதை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. மாசத் தவணையை ஒரு காகிதத்தில் எழுதி, நீங்கள் செய்ய ஆசைப்படும் வேலையின் முதல் மூன்று வருஷச் சம்பளத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள். ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் எந்த மாதிரி வக்கீல் ஆவீர்கள் என்பதை வங்கி முடிவு செய்யும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. முன்பெல்லாம் பட்டம் வாங்கிய பிறகு வக்கீலாகப் பதிவு செய்யவே பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் வசூலித்தார்கள். சட்டத்தில் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்; எஸ்.சி., எஸ்.டி.க்கு 125. வக்கீல்களிடமே கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள் பாருங்கள், நாமெல்லாம் எம்மாத்திரம்!

போன மாதம் பையன் திருச்சியிலிருந்து போன் செய்தான். ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறார்களாம்.

“மாமா, உங்க வீட்டுக் கடன் அக்ரிமென்ட் இருக்குல்ல, அதை ஒரு காப்பி எடுத்து அனுப்புங்க. கிளாஸ்ல பேசணும்.”

பரண் மேல் ஏறித் தேடி எடுத்தேன். தூசி தட்டினால் நாற்பத்திரண்டு பக்கம். பதினோரு வருஷமாகத் தவணை கட்டுகிறேன்.

“அதுல வட்டி வீதம் மாத்தறதைப் பத்தி என்ன போட்டிருக்கு மாமா?”

புரட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பென்சிலில் இன்ட்டு மார்க் போட்ட இடங்கள்தான்.

“நீயே படிச்சுச் சொல்லுடா” என்றேன்.

“ஃபீஸ்?” என்றான்.

“பணம் வந்தப்புறம் பார்த்துக்கலாம்!”